தள்ளத் தள்ள இலேசான கார்

எங்கள் பகுதியில் ஒரு வாகனம் வழியில் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று யாரும் கேட்கமாட்டார்கள். தள்ளுவார்கள். பெற்றோல் முடிந்து நின்றாலும் தள்ளுவார்கள், சில்லில் காற்றுப் போய் நின்றாலும் தள்ளுவார்கள். சாரதி இறங்கி நின்று சும்மா போனில் கதைத்துக்கொண்டிருந்தாலும் பின்னால் இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன், பாதை ஓடிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வாகனங்களை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். பாதையிலிருந்து இறங்கும்போது ஒரு வாகனம் ஸ்டார்ட் வராமல் நின்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் பயணம் நின்றுவிடும். ஆகவே கேள்வி இல்லை, தள்ளுதான். பிறகு சண்டைக்காலத்தில் பற்றரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தள்ளாமல் ஸ்டார்ட் ஆன வாகனத்தையே நாங்கள் சந்தேகமாகப் பார்த்தோம். இப்போது பாலம் வந்து பாதை போய்விட்டது. தள்ளுகிற கைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நானும் என் பங்குக்கு நிறையத் தள்ளியிருக்கிறேன். தள்ளிய வாகனம் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும்போது கையைத் தட்டித் தூசியை உதறுகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் கிண்ணியாப் பாலத்தில் என்னுடைய காரை அந்த நல்ல மனிதர்கள் தள்ளியபோது உள்ளே இருந்து நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். தள்ளக்கூடாது என்று அங்கே தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்ல என்னிடம் அப்போது சொல் இருக்கவில்லை.

துறைமுகத்து வேலைத்தலத்தில் இழுவைப் படகுகளின் என்ஜின்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவன் நான். காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு தலைக்கனமும் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். என் சத்தம் கேட்டால் ஸ்பானர்கள் தாமாகவே பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட வாயைத்தான் பாரிசவாதம் வந்து அடைத்தது. ஒரு காலையில் முகம் கழுவப் போனவன் கிணற்றடியில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. பேசுவதற்கு வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது. அது "ஓம்".

எனக்கு எல்லாம் விளங்கும், சொல்லத்தான் வராது, பயிற்சி செய்தால் மெல்ல மெல்ல வரும் என்று வைத்தியர் சொன்னார். அதுவரைக்கும் ஓம்தான். சாப்பிட்டீங்களா என்றாலும் ஓம். சாப்பிடவில்லையா என்றாலும் ஓம். மனத்தில் "இல்லை" என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு வாயைத் திறப்பேன். வெளியே வருவது ஓமாக இருக்கும். எனக்கு வருகிற கோபத்துக்குப் பல்லைக் கடித்தே பல் போயிருக்க வேண்டும்.

என் மனைவி மட்டும் இதை வைத்து என்னைச் சிரிக்க வைப்பாள். "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து இப்பதான் நான் கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டுறீங்கள். ஒரு சீலைக்கடைப் பக்கம் போய்ட்டு வருவமோ?" என்பாள். நான் ஓம் என்பேன். இருவரும் சிரிப்போம்.

தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் அவள். அதுவரை சைக்கிளைத் தவிர வேறொன்றையும் ஓட்டியதில்லை. கிழமைக்குக் கிழமை என்னைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஓட்டோவுக்குள் என் கால் மடங்கவில்லை. வாசலில் எங்களுடைய பழைய கார் நின்றது. ஜப்பானில் ஒருவர் ஓடி அலுத்து, பிறகு நான் வாங்கி ஓடிய கார். ஒரு நாள் காலை அவள் சீலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் கார் பழகப்போறன். ஓமோ?" என்றாள். நான் ஓம் என்றேன். அந்த ஓம் உண்மையான ஓம்.

அந்த வயதில், சந்தியில் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் என்ஜினை நிறுத்திவிடுகிற நிலையில் தொடங்கி, அவள் பழகினாள். லைசன்ஸ் எடுத்தாள். நான் இடது பக்கத்து இருக்கையில் கற்சிலையாக இருப்பேன். சிலை என்றாலும் இடது கை வேலை செய்தது. அவள் சந்திக்குக் கொஞ்சம் வேகமாகப் போகிறாள் என்று பட்டால், உடம்பை முறுக்கி, இடது கையைக் குறுக்கே நீட்டி, நடுவில் இருக்கும் ஹான்ட்பிரேக்கை இழுத்துவிடுவேன். கார் துள்ளி நிற்கும். அவள் தலை முன்னே போய்ப் பின்னே வரும். பேச முடியாதவன் வேறு எப்படித்தான் கத்துவது? கிண்ணியாவுக்குப் போவதற்கு முதல் நாளும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அப்படி இழுத்தேன். அவள் காரை ஓரம் கட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இனி அதிலை கை வைக்கக்கூடாது. எனக்கு ஓட ஏலும். நீங்கள் கை வைச்சால்தான் பயம் வருது. வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். அதுவும் உண்மையான ஓம்தான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். என்ஜினுக்குள் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. மேல் தண்டு வால்வுகளைத் திறந்து மூடும். கீழ்த் தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்கும். இரண்டையும் பல் வைத்த ஒரு றப்பர் பட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கிறது. ரைமிங் பெல்ட் என்பது அதுதான். வால்வு திறந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வரக்கூடாது, வந்தால் இரண்டும் முட்டும். அந்தப் பட்டிக்கு வயது போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வாகனமும் உதிரிப்பாகமும் இறக்குமதியாகாத அந்தக் கெட்ட காலத்தில் கொழும்பில் தெரிந்தவரைப் பிடித்து ஒரு புதுப் பெல்ட் எடுப்பித்தேன். எலிக்குப் பயந்து அதைப் பெட்டியோடு அலுமாரியில், மனைவியின் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். மழை விட்டதும் மாற்றலாம் என்றிருந்தபோதுதான் கிணற்றடியில் விழுந்தேன்.

அவள் கார் ஓடத் தொடங்கிய பிறகு எத்தனையோ தடவை அலுமாரியைக் காட்டினேன். அவள் சாரம் எடுத்துத் தந்தாள். சேட் எடுத்துத் தந்தாள். கலியாண அல்பத்தை எடுத்து மடியில் வைத்து, பக்கத்தில் இருந்து படம் படமாகக் காட்டினாள். "இதோ? இதைத்தானே பாக்க ஆசைப்பட்டனீங்கள்?" என்றாள். என் வாய் ஓம் என்றது. அவளுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

கிண்ணியாவில் என்னோடு வேலைத்தலத்தில் நின்ற நண்பர் இருக்கிறார். நான் விழுந்த பிறகு அவர் பல தடவை வந்து பார்த்தார். நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அவர் போன் எடுத்ததும், மனைவி யோசிக்காமல் வருகிறோம் என்றுவிட்டாள். ஊருக்குள் மட்டும் ஓடியவளுக்கு அது முதல் தூரப் பயணம்.

போகும்போது அவள் எவ்வளவு அழகாக ஓடினாள் என்பதை நினைக்கத்தான் இப்போது கவலையாக இருக்கிறது. பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினாள். இரண்டு பக்கமும் கடல், கைப்பிடிச் சுவரோடு தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கும் ஆட்கள், ஐஸ்கிரீம் வண்டி. காற்றுக்குத் தலைமயிர் பறந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்க ஒரு கையை எடுத்தாள். முன்பென்றால் ஸ்டியரிங்கிலிருந்து விரலைக்கூட எடுக்கமாட்டாள். நான் சிலையாக இருந்தேன், கையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களோ?" என்றாள்.

சாப்பாடு பலமாக நடந்தது. புறப்படும்போது நண்பருடைய மனைவி ஒரு சட்டி எருமைத்தயிர் தந்தார். அதை என் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

பாலத்தின் நடுவில் தூண்டில்காரர் ஒருவரின் சைக்கிள் றோட்டுப்பக்கம் சரிந்தது. மனைவி நிதானமாக வேகத்தைக் குறைத்தாள். அந்த நேரம் என்ஜினுக்குள் "சர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ சீலையைக் கிழித்தது போல. அடுத்து ஒரு சின்ன இடறல். அதோடு என்ஜின் நின்றது. புகை இல்லை, பெரிய வெடிச் சத்தம் இல்லை. கார் தானாக உருண்டுபோய் ஓரத்தில் நின்றது.

அவள் திறப்பை ஒருமுறை திருப்பினாள். என்ஜின் நொண்டிக்கொண்டு சுற்றியது. நல்ல என்ஜின் ஸ்டார்ட் வராவிட்டாலும் தாளம் தவறாமல் சுற்றும். இது ஒரு சுற்றுக்கு இறுகி, மறு சுற்றுக்கு வழுகியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெல்ட்டில் சில பற்கள் உரிந்து, மேல்தண்டும் கீழ்த்தண்டும் தாளம் பிசகிவிட்டன. மெதுவாகப் போனபோது நடந்ததால் வால்வுகள் அநேகமாகத் தப்பியிருக்கும். அப்படியே விட்டு, ஒரு லொறியில் ஏற்றிப்போனால் பெல்ட்டை மாற்றுவதோடு வேலை முடியும். இனி அந்த என்ஜினை யாரும் சுற்றக்கூடாது. திறப்பாலும் கூடாது, தள்ளியும் கூடாது.

உடம்பை முறுக்கி இடது கையை நீட்டி ஹான்ட்பிரேக்கை இழுத்தேன்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர் என் பக்கத்துக் கண்ணாடியால் குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, தள்ளட்டா?"

வேண்டாம். வேண்டாம், தள்ள வேண்டாம், ஐயா, தயவுசெய்து தள்ள வேண்டாம். எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஓம்."

பெரியவர் நிமிர்ந்து மற்றவர்களைக் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஓம் என்று ஆட்டினேனா, எனக்கே நிச்சயமில்லை. அவர்கள் தள்ளினார்கள். கார் அசையவில்லை. "ஹான்ட்பிரேக் கெடக்கு போல புள்ள" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மனைவி குனிந்து பார்த்தாள். பிரேக்கின் மேல் என் கை. அவள் முகம் சட்டென்று வாடியது. என் கையை எடுத்து என் மடியில் வைத்து, பிரேக்கை இறக்கினாள். நான் மறுபடியும் இழுத்தேன். அவள் மறுபடியும் எடுத்தாள்.

"நேத்துத்தானே கதைச்சனாங்கள்? அவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு நிக்கினம். ஒருநாளைக்காவது என்னை நம்பி இருங்கோவன்."

மூன்றாவது தடவை நான் கையை நீட்டியபோது, அவள் என் காலடியில் இருந்த தயிர்ச்சட்டியைத் தூக்கி என் மடியில் வைத்து, என் கையை அதன்மேல் வைத்தாள். "இதைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. சட்டியை விட்டுவிட்டுப் பிரேக்கை இழுத்திருக்கலாம். சட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்திருந்தால் எல்லோரும் நின்றிருப்பார்கள். ஆனால் ஒரு பெண் உபசரித்துத் தந்த சாப்பாட்டைக் கீழே போட எனக்குக் கை வரவில்லை. நாங்கள் அப்படி வளர்க்கப்பட்டவர்கள். மடியில் இருந்த தயிர் தளும்பாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் தள்ளினார்கள். அவள் பழகியபடி இரண்டாம் கியரில் போட்டு, கார் உருண்டதும் கிளச்சை விட்டாள். உள்ளே டக் டக் டக் என்று இரும்பில் இரும்பு முட்டியது. கார் திமிறி நின்றது. "இன்னொருக்கா!" என்றார் பெரியவர். இரண்டாவது தடவையும் முட்டியது, முன்பைவிடக் குறைவாக. மூன்றாவது தடவை முட்டவே இல்லை. கியரில் கிடந்த கார் வழுவழுவென்று ஓடியது.

"பாத்தீங்களா, லேசா வருது! இந்தா புடிக்கப்போகுது!" என்று பின்னால் சத்தம் போட்டார்கள். மனைவியின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. கார் ஏன் இலேசானது என்று எனக்குத் தெரியும். நல்ல என்ஜினைக் கியரில் போட்டுத் தள்ளினால் அது எதிர்க்கும். உள்ளே அடைபட்ட காற்றைப் பிஸ்டன்கள் நெரிக்க வேண்டும், அந்த நெரிப்பைத்தான் கொம்பிரஷன் என்கிறோம். வால்வுகள் வளைந்து மூடாமல் போனால் காற்று அடைபடாது. நெரிக்க ஒன்றுமில்லை, எதிர்க்கவும் ஒன்றுமில்லை. அவர்கள் தள்ளத் தள்ள, உயிர் போய்ப் போய்க் கார் இலேசானது.

வியர்த்து விறுவிறுத்துப் போன அந்த மனிதர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. ஒரு சின்ன லொறியை மறித்து, கயிறு கட்டி அனுப்பினார்கள். பெரியவர் என் தோளைத் தட்டி, "யோசிக்காதீங்க ஐயா" என்றார். நான் ஓம் என்றேன். தயிர் ஒரு சொட்டும் சிந்தாமல் வீடு வந்து சேர்ந்தது.

கராஜ் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மெக்கானிக் என்னை அண்ணை என்று கூப்பிடுகிறவர், நிதானமான ஆள். மறுநாள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு மனைவி பக்கத்தில் நின்றாள். வழியெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்வி. "நான் ஏதும் பிழையாச் செய்திட்டனோ?" அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கார் போனால் போகட்டும், அது இரும்பு. தள்ளியதால்தான் என்ஜின் கெட்டது என்று தெரிந்தால், என் கையைத் தானே எடுத்துவிட்டது அவளுக்கு ஞாபகம் வரும். பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். நாற்பது வருடமாக அவளைப் பார்க்கிறவன் எனக்கு இது தெரியாதா?

மெக்கானிக் திறப்பை ஒருமுறை திருப்பினார். என்ஜின் தையல் மெசின் போல விர்ரென்று சுற்றியது. அவர் உடனே நிறுத்தினார்.

"அண்ணை, கேட்டதே? உள்ளுக்குக் கொம்பிரஷனே இல்லை."

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, மனைவியைத் திறப்பைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். கீழே எல்லாம் சுற்றியது. மேல்தண்டு அசையாமல் கிடந்தது. பிறகு பெல்ட்டின் மூடியைக் கழற்றினார். பெல்ட் அறுந்து தொங்கியது.

"புது பெல்ட் ஒண்டு வேணும். ஊருக்குள்ள எடுக்கிறது கஷ்டம்" என்றார்.

நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். மனைவி என்னைப் பார்த்தாள். மெக்கானிக்கின் கையில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அலுமாரியோ?" என்றாள், குரல் உள்ளே போய்.

"ஓம்."

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். அவள் போனதும் மெக்கானிக் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவினார். ஓரிடத்தில் பற்கள் வரிசையாக உரிந்திருந்தன. அறுந்தது வேறிடத்தில்.

"இது ஒரே தரத்தில அறுந்ததில்லை. முதல்ல பல்லு உரிஞ்சு நிண்டிருக்கு. பிறகு ஆரோ கியரில போட்டுத் தள்ளியிருக்கினம். அதிலதான் வால்வும் வளைஞ்சு பெல்ட்டும் அறுந்திருக்கு. தள்ளினவையோ அண்ணை?"

"ஓம்" என்றேன். அடுத்த கணமே இடது கைச் சுட்டுவிரலை உதட்டில் வைத்தேன். அவள் போன பக்கத்தைக் கண்ணால் காட்டி, மறுபடி விரலை உதட்டில் வைத்தேன். மெக்கானிக் பெல்ட்டைக் கீழே வைத்தார். பிறகு தலையாட்டினார். நான் திரும்பினேன். மனைவி பெட்டியோடு கராஜ் படலையடியில் நின்றாள். இப்போதுதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பெல்ட்டைப் போட்டு, தாளத்தைச் சரிபார்த்து, பிளக்குகளைக் கழற்றி, கொம்பிரஷன் பார்க்கிற மணிக்கூட்டை ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்த்தார். திறப்பைத் திருப்பியது மனைவிதான்.

"என்ன காட்டுது?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"முள்ளு எழும்பேல்லை அக்கா."

அடுத்த துளையிலும் அதே கதைதான். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள், அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். பிறகு துளைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்பவும் பார்த்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேய்ந்திருந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்து முள்ளைக் கொஞ்சம் எழுப்பும். எழும்பவில்லை. ஆகவே வளையம் இல்லை, வால்வுதான். நானாக இருந்தாலும் அதே ஒழுங்கில்தான் பார்த்திருப்பேன். ஒவ்வொரு படியிலும் வால்வு என்ற கணிப்புப் பிழையாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டது மட்டும்தான் வித்தியாசம்.

"தள்ளினதாலை ஒண்டும் இல்லையே?" என்று மனைவி கேட்டாள்.

"சேச்சே. பெல்ட் பழசு அக்கா. அது தன்ர பாட்டில அறுந்து வால்வை வளைச்சுப்போட்டுது. ஆர் ஓடியிருந்தாலும் இதுதான்."

அவள் தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நல்லவேளை, தப்பினோம் என்றிருந்தேன்.

என்ஜினின் மேற்பாதி கொழும்புக்குப் போய், வால்வு வந்து, வேலை முடிய மாதங்கள் ஆகின. அந்த மாதங்களில் எனக்குப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் வந்தது வேலைத்தலத்துக் கெட்ட வார்த்தை ஒன்று. அதைப் பயிற்சி தருகிற பிள்ளைக்கு முன்னால் சொல்லிவிட்டேன். பிறகு தண்ணி வந்தது, தேத்தண்ணி வந்தது, மனைவியின் பெயர் வந்தது. "இல்லை" என்பதுகூட வந்துவிட்டது. "வேண்டாம்" மட்டும் வர மறுத்தது. அந்தப் பிள்ளை எவ்வளவோ சொல்லித் தந்தாள். வே என்று தொடங்குவேன், அத்தோடு நின்றுவிடும்.

மெக்கானிக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கொட்டிலில் விட்ட அன்று நான் வாசலுக்கே போய் நின்றேன். என்ஜின் முன்பைவிட நன்றாக ஓடியது. மறுநாள் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, "போவம்" என்றேன். அவளுக்குத் தலையிடி. அடுத்த கிழமை மழை வரும்போல் இருந்தது. அதற்கடுத்த கிழமை, பக்கத்து வீட்டுக்காரரின் வானை ஏற்கனவே பயிற்சிக்குப் பேசிவிட்டாள். ஆனால் பற்றரி இறங்கக்கூடாது என்று தினமும் காலையில் கொட்டிலுக்குப் போய்க் காரை ஸ்டார்ட் செய்வாள். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பிறகு நிறுத்திவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் பொறுமை கெட்டுப்போய், தடியை ஊன்றிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அவள் என்ஜினை ஓடவிட்டு உள்ளே இருந்தாள். இடது பக்கக் கதவைத் திறந்து என் இடத்தில் ஏறி இருந்தேன்.

"ஏன்... ஓடுறீர் இல்லை?" என்று கேட்டேன்.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கராஜிலை நீங்கள் வாயிலை விரலை வைச்சதை நான் கண்டனான். படலையடியிலை நிண்டனான். அந்தாள் சொன்னதும் கேட்டது."

எனக்கு வாயடைத்துப்போனது. இந்த முறை பாரிசவாதத்தால் இல்லை.

"அதே கைதானே பாலத்திலை பிரேக்கை இழுத்தது. திரும்பத் திரும்ப இழுத்தீங்கள். நான் எடுத்தெடுத்துப் போட்டனான். கடைசியிலை தயிர்ச்சட்டியைத் தந்து உங்களைச் சின்னப்பிள்ளை மாதிரி இருத்தினனான்." அவள் குரல் உடைந்தது. "வால்வு வளைஞ்சதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீங்கள் அவ்வளவு தெண்டிச்சுச் சொன்னதை, பக்கத்திலை இருந்த எனக்கு விளங்கேல்லையே."

"பறவாயில்லை" என்றேன். நானும் அழுதேன். அவளைச் சமாதானப்படுத்த வேறு சொற்களைத் தேடினேன். இத்தனை சொல் திரும்பி வந்திருந்தும் எதுவும் போதவில்லை.

"பயத்திலை நிப்பாட்டேல்லை" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு இப்பவும் ஓட ஏலும். ஆனா இனி நான் ஓடினால் உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு ஓடுவன். அது அசையுதோ, என்ன சொல்லுதோ எண்டு. றோட்டைப் பாக்கமாட்டன். அப்பிடி ஓடக்கூடாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் சொல்வதில் எப்போதும் நியாயம் இருந்துவிடுகிறது. தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு "பாத்தீங்களோ?" என்று திரும்பியவளை நான் இனிப் பார்க்கப்போவதில்லை என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். நாலு பிஸ்டனும் தாளம் தவறவில்லை, ஒரு குறையும் இல்லை.

"வித்துப்போடுவமோ?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

சுத்தமாக, ஒரு தட்டுத் தடங்கலும் இல்லாமல் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள்.